ஆவுளியாவின் கனத்த விலா எலும்பு

தொண்டி, மண்டபம் பகுதிக் கடற்புல் வெளிகளில் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவின் உடலில் என்னை எப்போதும் வியக்க வைப்பது அதன் விலா எலும்புதான். உள்ளே பஞ்சுபோன்ற பகுதி ஏறக்குறைய இல்லாமல் தடித்து இறுகியிருக்கும் அந்த எலும்பின் எடை, காற்று நிறைந்த நுரையீரலின் மிதப்பை ஈடுசெய்து, கடலடித் தரையருகே சிரமமின்றி மேய உதவுகிறது. கீழ்நோக்கி வளைந்த மூஞ்சியும் அந்த மேய்ச்சலுக்கு ஏற்றதே.

ஜமைக்காவில் கிடைத்து 2001இல் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெசோசைரன் என்னும், கடற்பசு இனத்தின் தொல்லுயிருக்கு நிலத்தில் உடலைத் தாங்கும் நான்கு கால்கள் இருந்தும், விலா எலும்புகள் அப்போதே கனத்திருந்தன; கால்கள் மறையும் முன்பே நீர்வாழ்வுக்கான எடை சேர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட அழகான சான்றை நான் அறியேன். இன்றைய ஆவுளியாவிலோ பின்னங்கால்கள் போய், சதைக்குள் இடுப்பெலும்பின் மிச்சம் மட்டுமே இருக்கிறது. உடலை உந்துவது கிடைமட்டமாக விரிந்த வால்துடுப்பு.