எங்கள் பாட்டு ஒளியேறிய கதை: வசந்தத்துக்கு ஓர் ஆவணத் தொடர் எடுத்த அனுபவம்

மீடியாகார்ப்பின் தமிழ்த் தொலைக்காட்சி அலைவரிசையான வசந்தத்துக்குச் சிங்கப்பூர்த் தமிழ் இசைக்குழுக்களைப் பற்றி ஓர் ஆவணத் தொடர் எடுத்து முடித்தபிறகு, இந்தத் துறையில் புதிதாக இறங்கும் இளையர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “அக்கா, உள்ளூர் நிகழ்ச்சி, உள்ளூர்ப் பாட்டு இத்தனை விழுக்காடு போடணும்னு ஏதாவது சட்டம் இருக்கா?” கனடாவில் இருப்பதைக் கேள்விப்பட்டு வருகிறார்கள். அங்கே வணிக வானொலிகள் உள்நாட்டுப் பாடல்களைக் குறிப்பிட்ட அளவுக்கு ஒலிபரப்பியே ஆகவேண்டும். 1971ல் 30 விழுக்காட்டில் தொடங்கி, பிறகு 35ஆக உயர்ந்த விதி அது. இசை, பாடியவர், பாடல் வரிகள் போன்றவற்றைப் பார்த்து ஒரு பாட்டு கனடாவுடையதா இல்லையா என்று தீர்மானிக்கிறார்கள்.

வானொலிப் பாட்டுக்கு அப்படி ஒரு கணக்கு இங்கே இல்லை. இங்கே வழி வேறு. ஒலி, ஒளிபரப்புச் சட்டம் 1994ல் வந்தது. உரிமம் இல்லாமல் யாரும் ஒளிபரப்ப முடியாது. மீடியாகார்ப் நிறுவனம் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் பொதுச்சேவை நிகழ்ச்சிகளைத் தயாரிக்க அரசாங்கம் நிதி தருகிறது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் அதை மேற்பார்வையிடுகிறது. முன்பு தொலைக்காட்சி வைத்திருந்த ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு 110 வெள்ளி தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டியது நம் பெற்றோருக்கு நினைவிருக்கும். 2011ல் அது நீக்கப்பட்டது. அதன்பிறகு இந்த வேலைக்கான பணம் நேரே அரசாங்க வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வருகிறது.

தமிழுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரே ஓர் எண் சொல்லிவிடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காட்டினர். விளம்பர வருமானத்தை மட்டும் நம்பினால் இந்த எண்ணிக்கைக்கு ஒரு முழுநேர அலைவரிசை நடத்த முடியாது. கட்டணத் தொலைக்காட்சியில் சென்னை அலைவரிசைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றோடு நம் சிறிய சந்தை போட்டிபோடுவது கடினம். 2008 அக்டோபரில் வசந்தம் தனி அலைவரிசையாக வந்ததும் இன்றுவரை நிற்பதும் இந்தப் பொதுச்சேவைக் கடமையால்தான். நான் உறுதியாக நம்புவது இது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் சின்ன நிறுவனம். ஒளிப்பதிவாளர், எடிட்டர், நான். மற்றவர்களையெல்லாம் வேலைக்கேற்பத் தற்காலிகமாக அமர்த்திக்கொள்வோம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோவில் திருவிழா, கல்யாணம், சமூக மன்ற மேடை என்று வாசித்துத் திரிந்த இசைக்குழுக்களைப் பற்றி எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்தக் கலைஞர்களில் பலர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

நிகழ்ச்சி யோசனைகளுக்கு அழைப்பு வந்ததும் முன்மொழிவு எழுதினோம். கதைச் சுருக்கம் எழுதுவது எளிது. நேரத்தை விழுங்கியது “இதை யார் பார்ப்பார்கள், சமூகத்துக்கு இதனால் என்ன கிடைக்கும்” என்ற பகுதி. பொதுப்பணம் என்பதால் அந்தக் கேள்வி நியாயமானது. ‘மரபைக் காப்பது’ என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. எந்த வயதினர் பார்ப்பார்கள், பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது, தமிழ் தெரியாத சிங்கப்பூரர் ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தால் அவருக்கு என்ன புரியும் என்று இறங்கி எழுத வேண்டும். அதை எழுதும்போதுதான் தொடருக்கே ஒரு வடிவம் கிடைத்தது. கலைஞர்களின் பேரப்பிள்ளைகளைக் கேள்வி கேட்பவர்களாக வைத்தோம்.

வரவுசெலவுப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் ஒரே தடவையில் கைக்கு வராது. ஒப்பந்தம், முதல் தொகுப்பு, இறுதி ஒப்படைப்பு என்று கட்டம் கட்டமாக வரும். நடுவில் ஒலிப்பதிவாளருக்கும் விளக்குக்காரருக்கும் கூலி நிற்கக்கூடாது. அதற்குக் கையில் இருப்பு வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அனுமதி வேலைகள் பெரிய தொல்லை இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் கீழ்த்தளத்தில் எடுக்க அந்த வட்டார நகர மன்றத்திடம் எழுதிக் கேட்டோம். கோவில்களில் நிர்வாகக் குழுவிடம் பேசினோம். பழைய படச்சுருள்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தை நாடினோம். அங்கே ஒரு காட்சியைப் பார்க்கக் கிடைப்பது வேறு, அதை ஒளிபரப்ப உரிமையாளரிடம் அனுமதி வாங்குவது வேறு. இரண்டுக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்க வேண்டும்.

பாட்டில்தான் உண்மையான வேலை இருந்தது.

எங்கள் கலைஞர்கள் வாழ்நாள் முழுக்க வாசித்தது சென்னைத் திரைப்பாடல்கள். ஒருவர் ஆர்மோனியத்தை எடுத்தாலே விரல் தானாகப் பழைய சினிமாப் பாட்டுக்குப் போகும். அதைத் தொடரில் சேர்க்க வேண்டுமானால், பாட்டைப் படத்தோடு இணைக்கும் உரிமையை இசையின் உரிமையாளரிடம் வாங்க வேண்டும். இசைத்தட்டில் வந்த அசல் ஒலியையே போட்டால் அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமம். அதுவும் தொலைக்காட்சிக்கு மட்டும் வாங்கினால் போதாது, மீடியாகார்ப்பின் மீவாட்ச் இணையத்தளத்திலும் வரும் என்பதால் அதற்கும் சேர்த்துப் பேச வேண்டும். பேட்டி எடுக்கும்போது பக்கத்துக் கடை வானொலியில் ஓடும் பாட்டு மைக்கில் விழுந்தாலும் இதே கதைதான். அதனால் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் எடுத்தபோது ஒரு பையனைக் கடை கடையாக அனுப்பி, கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்டோம். எல்லாரும் மனமுவந்து நிறுத்தினார்கள். ஒரு பூக்கடை அம்மா மட்டும், “எந்த நாடகம்பா, நான் வருவேனா?” என்று கேட்டார். வந்திருக்கிறார்.

ஒரு பாட்டுக்கு உரிமக் கட்டணம் கேட்டுப் பார்த்தோம். கேட்ட தொகை ஒரு முழு அத்தியாயத்தின் இசைச் செலவை விழுங்கிவிடும். அப்போதுதான் எங்கள் கலைஞர்களில் மூத்தவரான மாஸ்டர் (எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மெதுவாகச் சொன்னார். “ஏம்மா, சினிமாப் பாட்டுதான் வேணுமா? நாங்களே போட்ட பாட்டு இருக்கே.”

குழு நடத்திய காலத்தில் மாஸ்டரும் அவர் நண்பரும் சேர்ந்து சொந்தமாகப் பாடல்கள் செய்திருக்கிறார்கள். நண்பர் வரிகள் எழுத, மாஸ்டர் மெட்டுப் போட்டிருக்கிறார். துறைமுக வேலை, கம்பத்து (கிராமத்து) வீடு, புது அடுக்குமாடிக்குக் குடிபோனது எல்லாம் அந்தப் பாடல்களில் இருந்தன. கேசட்டாகக்கூட வந்ததில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தார். அந்தப் பாடல்களைப் புதிதாக ஒலிப்பதிவு செய்து தொடர் முழுக்கப் பயன்படுத்துவது என்று அன்றே முடிவெடுத்தோம்.

அதற்கும் வழிமுறை உண்டு. வரிகளை எழுதிய நண்பர் காலமாகிவிட்டார். சிங்கப்பூரில் ஒரு பாடலின் பதிப்புரிமை, எழுதியவர் மறைந்தபிறகும் 70 ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே அவருடைய வாரிசைத் தேடினோம். மகள் மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருந்தார். அப்பாவின் வரிகளை நோட்டில் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வரவில்லை. என்ன அனுமதி கேட்கிறோம், பாட்டு எங்கெல்லாம் ஒலிக்கும், அப்பாவின் பங்கு யாருக்குப் போகும் என்று தமிழில் எழுதிக் கொடுத்தோம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்றும் முக்கியம். 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவரிடம் பணம் கொடுத்து ஒலிப்பதிவோ படமோ செய்யச் சொன்னால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை அதன் முதல் உரிமை உருவாக்கியவருக்கே. படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவர், நிகழ்த்தியவர் பெயரைச் சொல்வதும் இப்போது சட்டப்படியான உரிமை. ‘ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒளிபரப்பு நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் வேறுவிதமாகத்தான் சொல்லும். தொடரின் உரிமையைப் பற்றிப் பேச எங்களைப் போன்ற சின்ன நிறுவனத்துக்கு அதிக இடம் இல்லை. ஆனால் பாடல்களைத் தனியே பிரித்துப் பேச இடம் உண்டு. மெட்டும் வரிகளும் மாஸ்டருக்கும் நண்பர் குடும்பத்துக்கும் சொந்தம், தொடரில் பயன்படுத்தும் உரிமையை மட்டும் தருகிறோம் என்று எழுதிக் கேட்டோம். கொஞ்சம் இழுபறிக்குப்பின் ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் இசைப் பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். பலர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் மாஸ்டரை காம்பஸ் அமைப்பில் உறுப்பினராகச் சேர்த்தோம். 1987ல் தொடங்கிய, இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்குமான சங்கம் அது. வானொலி, தொலைக்காட்சி, பொது இடங்களில் பாட்டு ஒலிக்கும்போது உரிமக் கட்டணத்தை வசூலித்து உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தருகிறது. உறுப்பினராவது மட்டும் போதாது. ஒவ்வொரு பாடலையும் தலைப்பு, இசை, வரிகள், யாருக்கு எத்தனை பங்கு என்ற விவரத்தோடு பதிய வேண்டும். மாஸ்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டில் இருந்த எல்லாப் பாடல்களையும் பதிந்தோம், தொடரில் வராதவற்றையும் சேர்த்து. பங்கைப் பற்றிக் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. “பாதி அவனுக்கு” என்றார்.

கடைசிக் கட்டம் கியூ ஷீட். நிகழ்ச்சியில் ஒலித்த ஒவ்வொரு இசைத்துண்டுக்கும் தலைப்பு, படைத்தவர் பெயர், எத்தனை விநாடி, பின்னணியா அல்லது திரையில் பாடுவதா என்று நிரப்பும் பட்டியல் அது. எடிட்டர்களுக்குப் பிடிக்காத வேலை. எல்லாம் முடிந்து களைத்துப்போன நேரத்தில் வரும். ஆனால் யாருக்குப் பணம் போகிறது என்பதைத் தீர்மானிக்கும் தாள் இதுதான். நூலக இசையை, அதாவது யாரும் வாங்கிப் பயன்படுத்தும்படி முன்கூட்டியே செய்து இணையத்தில் விற்கும் இசையைப் பின்னணியில் போட்டால், தமிழ் நிகழ்ச்சிக்கான இசைப்பணம் பெரும்பாலும் எங்கோ இருக்கும் ஒரு வெளிநாட்டுப் பதிப்பகத்துக்குப் போகும். அதே இடத்தில் இங்கே உட்லண்ட்சிலோ ஈசூனிலோ இருக்கும் ஒருவரின் இசை இருந்து, அவர் பெயரும் பட்டியலில் சரியாக எழுதப்பட்டிருந்தால், பணம் அவருக்கு வரும். பொதுச்சேவை நிதி நிகழ்ச்சியைத் தாங்குகிறது. ஆனால் நிகழ்ச்சிக்குள் ஒலிக்கும் இசை யாருடையது என்பதை எந்த விதியும் எங்களிடம் கேட்கவில்லை. அதைத் தயாரிப்பாளர்தான் தேர்ந்தெடுக்கிறார்.

அதனால் எங்கள் தொடரில் நூலக இசையே வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். காட்சிகளுக்கு இடையில் வரும் சின்னச் சின்னத் துணுக்குகளைக்கூட இங்கேயே பல்தொழில் கல்லூரியில் இசைத் தொழில்நுட்பம் படித்த ஓர் இளையரிடம் செய்யச் சொன்னோம். செலவு கூடியது, உண்மை. உடை, வாகனச் செலவுகளைக் குறைத்து ஈடுகட்டினோம்.

முதல் தொகுப்புக்கு ஒளிபரப்பு நிறுவனத்திடமிருந்து வந்த கருத்துகள் பயனுள்ளவை. ஒரு கலைஞர் இன்னொரு சமூகத்தவரைப் பற்றி அந்தக் காலத்துப் பட்டப்பெயரில் சொன்னதை நீக்கச் சொன்னார்கள். தொலைக்காட்சிக்கான நிகழ்ச்சி விதித்தொகுப்பு இன, சமய நல்லிணக்கத்தில் கண்டிப்பானது. எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. பழைய புகைப்படம் ஒன்றில் எல்லார் விரலிடுக்கிலும் சிகரெட் இருந்தது. அதைத் திரையில் கொஞ்ச நேரம் மட்டும் காட்டினோம். தொடர் முழுக்க எல்லா வயதினரும் பார்க்கக்கூடியதாக இருந்ததால் குடும்பங்கள் பார்க்கும் நேரம் கிடைத்தது.

ஒளிபரப்பான சில மாதங்களில் மாஸ்டர் கணக்கில் பணம் விழுந்தது. பெரிய தொகை இல்லை. ஜொகூரில் இருக்கும் மகளுக்குச் சேரவேண்டிய பங்குக்கு வாரிசு ஆவணங்கள் கேட்டிருக்கிறார்கள், அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பாட்டை ஒலி 96.8 தமிழ் வானொலிக்கும் அனுப்பியிருக்கிறோம். முறையாக ஒலிப்பதிவு செய்து, தலைப்பும் பெயர்களும் கோப்பிலேயே எழுதி அனுப்பினால் அவர்களுக்கும் வேலை எளிது.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கனடாவைப் போல விழுக்காடு நிர்ணயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இவ்வளவு சிறிய சமூகத்தில் அந்தக் கணக்கை நிரப்புவதற்காகவே பாட்டுகள் தயாராகும் ஆபத்து இருக்கிறது. ஆனால் பொதுப்பணத்தில் தயாராகும் தமிழ் நிகழ்ச்சிகளின் முன்மொழிவுப் படிவத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: “இந்நிகழ்ச்சியின் இசையை யார் உருவாக்குகிறார்?” அந்தக் கேள்வி இருந்தாலே தயாரிப்பாளர்கள் ஆரம்பத்திலேயே இங்குள்ள இசையமைப்பாளரைத் தேடுவார்கள், இசைக்கென்று தனித்தொகை ஒதுக்குவார்கள். இதைக் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றில் சொல்லியிருக்கிறேன். எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த தொடருக்கான முன்மொழிவை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் பயன்படுத்திய கியூ ஷீட் படிவமும், வாரிசு அனுமதிக் கடிதத்தின் தமிழ் மாதிரியும் என்னிடம் இருக்கின்றன. வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். கடிதத்தை மட்டும் உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.