என் ஆன்லைன் தொடர்கதையின் இன்றைய எபி (எபிசோட்) போட்டாச்சு

‘ஏன் இவ்வளவு சின்ன யூடி (அப்டேட்)?’ என்று கேட்கும் தோழிகளுக்கு: இந்த அத்தியாயத்தில் நடப்பது ஒன்றே ஒன்றுதான். காபி குடித்த டம்ளரை நாயகன் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். மாமியார் அதைப் பார்த்துவிடுகிறார். கையைப் பிடித்து இழுக்கும் காட்சி என்றால் அரை மணியில் எழுதி முடித்திருப்பேன். இது அப்படியில்லை. மாமியார் என்ன சொல்வார் என்று எழுதி எழுதி அழித்து, கடைசியில் அவரை ஒன்றும் சொல்லாமல் தயிர் கடைய வைத்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் தொங்கிய மாத நாவல்களுக்குப் பக்கக் கணக்கு உண்டு. காதல் நாவல் எழுத்தாளர் ரமணிசந்திரன் காலத்து வாசகிகளுக்கு நினைவிருக்கும், ஒரே இதழில் சண்டை, பிரிவு, கல்யாணம் எல்லாம் முடிந்துவிடும். எங்களைப்போல ஆன்லைனில் தொடர் எழுதுபவர்களுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. 20 எபி தாண்டினால் ஒரு விபத்து, ஒரு அத்தை மகள் என்று கை பரபரக்கும். அத்தை மகள் வரமாட்டாள், இன்பாக்ஸில் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

அப்புறம், அறைந்துவிட்டு அதை அன்பு என்று சொல்லும் ஆன்டி ஹீரோவும் என்னிடம் கிடையாது. அதற்குத்தான் லைக் அதிகம், தெரியும். இருக்கட்டும்.

அடுத்த எபி வியாழக்கிழமை. பையனுக்குப் பரீட்சை, தள்ளிப்போனால் வெள்ளி.