வைத்திருந்தாலே குற்றமா?

கீழக்கரை, தங்கச்சிமடம் பக்கம் சட்ட விழிப்புணர்வு வகுப்புக்குப் போனால் பட்டா, ஜீவனாம்சம், படகு மானியம் என்றுதான் கேள்விகள் வரும். மைக்கை அணைத்த பிறகு யாராவது ஒதுங்கி வந்து, "வக்கீலம்மா, போன்ல அந்த மாதிரிப் படம் இருந்தா கேஸாகுமா?" என்பார். எப்போதும் அது அவருடைய சிநேகிதரின் போனாகத்தான் இருக்கும்.

வயது வந்தவர்களின் ஆபாசப் படத்தைத் தனக்கென்று வைத்திருப்பதை நம் சட்டம் பொதுவாகத் தண்டிப்பதில்லை. விற்பதும் பரப்புவதும் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில் முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை உண்டு. குழந்தைகளின் ஆபாசப் படம் என்றால் தேடுவதும் சேமிப்பதுமே குற்றம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

ஒரு கடலோர ஊரில் பெரியவர்கள் சிலர், வயது வந்தவர்களின் ஆபாசப் படம் வைத்திருந்தாலே உள்ளே தள்ளச் சட்டம் கேட்டு மனு எழுதினார்கள். பெயர் தெரியாத யாரோ ஊர்ப் பெண் ஒருத்தியின் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்பியிருந்த நேரம் அது. கோபம் நியாயமானதுதான். நான் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தேன். அதிலிருந்து சில வீடுகளில் எனக்கு டீ வருவது நின்றது.

பிரிட்டனில் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. வன்முறை ஆபாசப் படங்கள் பார்த்துவந்த ஒருவனால் 2003இல் ஓர் ஆசிரியை கொலையான பிறகு, அவருடைய தாய் நடத்திய இயக்கத்தின் பின்னணியில் வந்தது. 2008இல் இயற்றப்பட்டு 2009 ஜனவரியில் அமலானது. 'அதீத' ஆபாசப் படத்தை, அதாவது உயிருக்கு ஆபத்தான வன்முறை, விலங்கோடு உறவு போன்றவற்றைக் காட்டும் படத்தை வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை. பாக்லாஷ் என்ற அமைப்பு அதை எதிர்த்து வந்திருக்கிறது. நடித்தவர்கள் மனமொப்பி நடித்திருந்தாலும் படம் குற்றமாகலாம் என்பது அவர்களுடைய முக்கியமான குறை. வேல்ஸில் ஒருவர் மீது புலியோடு உறவு என்று ஒரு காட்சிக்காக வழக்குப் போட்டார்கள். ஒலியோடு ஓட்டிப் பார்த்தபோது புலி வாய் திறந்து பேசியது! யாரோ வேடிக்கைக்குச் செய்த படம். வழக்கு கைவிடப்பட்டது, அதற்குள் அவர் மாதக்கணக்கில் அவமானப்பட்டு முடித்திருந்தார்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள், சிரித்துவிட்டு, "அது வெள்ளைக்காரன் ஊரு" என்றார்கள். சரி, நம்மூரையே எடுத்துக்கொள்வோம். உப்புத் தண்ணீரில் விழுந்த போன் சர்வீஸ் கடைக்குப் போகிறது; கடைப் பையன் கண்ணில் எல்லாம் படுகிறது. சோதனைச் சாவடியில் போனைக் கேட்டால் நம் ஆட்களில் எத்தனை பேர் மறுப்பார்கள்? வைத்திருப்பதே குற்றமானால், போனைக் கையில் வாங்குகிற எவனுக்கும் மிரட்டிப் பணம் பறிக்க ஒரு வழி கிடைத்துவிடும்.

என்னை உண்மையில் தடுமாற வைத்தது அந்த வாதங்கள் எதுவும் இல்லை. கூட்டம் கலைந்த பின் காத்திருந்த ஒரு பெண்தான். பிரிந்து போனவனிடம் அவளுடைய படங்கள் இருக்கின்றன. "இவ்வளவு பேசுறீங்களே அக்கா, அவன் வச்சிருக்கறதே குத்தமில்லையா?" என்றாள். அவன் யாருக்கும் அவற்றை அனுப்பாவிட்டாலும் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் கணம் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

அப்புறம் அவளிடமே கேட்டேன், அந்தப் படங்கள் உன் போனில் இல்லையா? இருந்தன. அவள் எடுத்து அனுப்பியவைதானே. மனுவில் கேட்ட சட்டம் வந்திருந்தால் புகார் கொடுக்கப் போனவளே முதல் குற்றவாளியாக நிற்பாள். அவளுக்குத் தேவையானது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. மிரட்டினால் குற்ற மிரட்டல். பணம் கேட்டால் பணப் பறிப்பு. எடுக்கச் சம்மதித்து, பரப்பச் சம்மதிக்காத படத்தைப் பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவு. அவன் மிரட்டிச் செய்தி அனுப்பினால் அதை அழிக்காமல் வைக்கச் சொன்னேன். மிரட்டாமல் சும்மா வைத்திருக்கிறவனை என்ன செய்வது என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அழிக்கும்படி உத்தரவு கேட்டு சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம். அது காசும் காலமும் தின்னும் வழி.

மனுவை மாற்றி எழுதினோம். சம்மதமின்றிப் பரப்பும் புகாரை உடனே பதிய வேண்டும், பெண் காவலர் விசாரிக்க வேண்டும், புகார் கொடுத்தவரின் போனைத் தேவைக்கு மேல் தோண்டக் கூடாது என்று. முதல் மனுவை எழுதிய பெரியவரிடமே கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டு இருமுறை படித்தார்.

"கையெழுத்துப் போடுறேன் தாயி. என் பேரை மட்டும் முதல்ல போட்றாதீங்க."