கோயில்காட்டுக்குள் நாங்கள் போட்ட பாதை

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், அய்யனார் கோயிலைச் சுற்றிப் பதினோரு ஏக்கர் காடு இருக்கிறது. வீரையும் காசாவும் உலக்கைப்பாலையும் நெருங்கி நிற்கும் அந்தக் காட்டில் காய்ந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுத்து வரக்கூடாது என்பது ஊர்க்கட்டு. நான் அவ்வூர்ப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருந்ததால், காட்டுக்குள் பாதை அமைத்துக் கழிப்பறை கட்டும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நடந்த அந்த வேலையில் நாங்கள் செய்த பிழைகளையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன். இதே போன்ற காடோ கண்மாயோ உள்ள வேறு ஊரார் அந்தப் பிழைகளையாவது மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

பாதை வேண்டும் என்ற பேச்சே கஜா புயலுக்குப் பிறகுதான் எழுந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த அந்தப் புயல் எங்கள் பகுதியில் தென்னையை அழித்தது போலவே காட்டிலும் பல பெருமரங்களைச் சாய்த்தது. சாய்ந்த மரத்தை அறுக்கக்கூடாது என்பதும் கட்டில் அடக்கம் ஆகையால், கோயிலுக்குப் போகும் பழைய ஒற்றையடிப் பாதையின் குறுக்கே கிடந்த மரங்கள் அப்படியே கிடந்தன. ஆட்கள் அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்து புதுத் தடங்களை உண்டாக்கினார்கள். போதாக்குறைக்கு, யாரோ எடுத்துப் போட்ட காணொளி ஒன்று பரவியதில், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். 2022இல் நான் மாணவர்களோடு நடந்து எண்ணியபோது ஒரே இடத்திலிருந்து கோயிலுக்குப் பதினான்கு தடங்கள் பிரிந்து சென்றன. தடங்களுக்கு இடைப்பட்ட மண் இறுகிப்போய், அங்கே ஒரு வீரைக் கன்றுகூட முளைக்கவில்லை. ஊரணிக் கரையின் மறுபக்கம் திறந்தவெளிக் கழிப்பிடமாகியிருந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது எங்களுக்கு ஓர் ஊக்கம். நம் காட்டுக்கும் அப்படியொரு மதிப்பு உண்டு என்று கூட்டத்தில் சொல்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. ஆனால் ஊக்கம் வேறு, காகிதம் வேறு. கிராம நிர்வாக அலுவலரிடம் நிலம் யார் பெயரில் உள்ளது என்று சொல்லும் அ-பதிவேட்டையும், நிலத்தின் அளவையும் எல்லையையும் காட்டும் புலப்படத்தையும் வாங்கிப் பார்த்தால், ஒரே காடு மூன்று புல எண்களில் கிடந்தது: ஒன்று கோயில் பெயரில், ஒன்று புறம்போக்கு, மூன்றாவது கண்மாயின் நீர்ப்பிடிப்பு. ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் மற்றொன்றின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றார்கள். அங்கே போனால் முதல் அலுவலகம்தான் எழுத வேண்டும் என்றார்கள். இந்த நடையில் நான்கு மாதம் கழிந்தது. கடைசியில் மூன்று புல எண்களுக்கும் தனித்தனி மனு எழுதி, ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டின் நகலை இணைத்து ஒரே நாளில் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் நாளே செய்திருக்கலாம்.

கிராமசபைத் தீர்மானத்திலும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. 2023 ஆகஸ்ட் 15 கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தில் ‘கோயில்காட்டில் நடைபாதை’ என்று மட்டும் எழுதிவிட்டோம். புல எண்ணும் நீளமும் இல்லாததால் அது திரும்பி வந்து, அக்டோபர் 2 கூட்டத்தில் மறுபடியும் நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

மதிப்பீடு போட வந்த பொறியாளர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கொண்டுவந்த வரைபடத்தில் ஆறடி அகலப் பேவர் பிளாக் பாதையும், இருபுறமும் மின்விளக்குக் கம்பங்களும், நுழைவாயிலில் சிமென்ட் வளைவும் இருந்தன. மண்பாதை போதுமே என்று கேட்டதற்கு, அரசு விலைப்பட்டியலில் பேவர் பிளாக்குக்கு விலை போட்டிருக்கிறது, நீங்கள் சொல்வதற்கு இல்லையே என்றார். அவர் கையில் இருந்த பட்டியல் அப்படி. ஆகவே மண்வேலையை நூறு நாள் வேலைத் திட்டத்தில், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலின் சீரமைப்போடு சேர்த்தும், கழிப்பறையை ‘நமக்கு நாமே’ திட்டத்திலும் கொண்டுவந்தோம். இரண்டாவதில் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்ட வேண்டும். சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பகுதியைத் தந்தார்கள். நூறு நாள் வேலையில் ஒப்பந்ததாரரும் பெரிய இயந்திரமும் கூடாது என்ற விதி எங்களுக்கு வாய்ப்பாகவே அமைந்தது. ஒரு பொக்லைன் உள்ளே நுழைந்திருந்தால், பாதை இரண்டே நாளில் முடிந்திருக்கும், காடும் முடிந்திருக்கும்.

பாதை எங்கே போக வேண்டும் என்பதை நாங்கள் காகிதத்தில் வரையவில்லை. வடகிழக்குப் பருவமழை பிடித்திருந்த ஒரு நாளில் கோயில் பூசாரியான வேளார், நான், இரண்டு மாணவர்கள் ஆகியோர் குடையோடு உள்ளே போய், நீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சுண்ணாம்பு தடவிய குச்சிகளை நட்டு வந்தோம். கோயிலுக்கு நேரே செல்லும் அகலமான தடத்தையே பாதையாக்கலாம் என்பது என் எண்ணமாக இருந்தது. வேளார் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்த செந்நீரைக் கைகாட்டி, “இது நாம நடந்து உண்டான ஓடை சார். இதுல போட்டா வருசா வருசம் மண்ணு அள்ளிக் கொட்டணும்” என்றார். அவர் சொற்படி மேட்டின் இடுப்பை ஒட்டி வளைந்து செல்லும் தடத்தைத் தேர்ந்தோம். நேர்வழியைவிட அது ஏறக்குறைய நூறு அடி நீளம். ஏற்றம் மட்டும் தெரியவே தெரியாது.

2024 ஜூனில் வேலை தொடங்கியது. அப்போது ஒரு நாள் கூலி 319 ரூபாய். வருகைப் பதிவுக்கு நாளைக்கு இருமுறை படம் எடுக்க வேண்டும். மரங்களுக்குள் சிக்னல் கிடைக்காததால், பணித்தளப் பொறுப்பாளராக இருந்த பெண் ஒவ்வொரு முறையும் கண்மாய்க்கரை மேல் ஏறி நின்று படத்தை அனுப்பினார். நான்கடி அகலத்துக்குச் சருகை ஒதுக்கி, வேரை வெட்டாமல் மேலே செம்மண் கிராவலைப் பரப்பி, நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தார்கள். ஓரங்களில் செம்புராங்கல் பதித்தோம். பார்க்க மிக அழகாக இருந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம்.

அக்டோபரில் பெய்த முதல் பெருமழையில் அந்த அழகின் குட்டு உடைந்தது. இருபுறமும் கல் பதித்ததால், மேட்டிலிருந்து இறங்கிய நீர் பாதைக்குள் புகுந்து வெளியேற வழியின்றி அதையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடியது. கிராவலில் பாதி கோயில் வாசலில் வந்து குவிந்தது. எந்த ஓடையைத் தவிர்க்கத் தடத்தை மாற்றினோமோ அதே ஓடையை நாங்களே கல் வைத்துக் கட்டியிருந்தோம். மழை விட்டதும் பள்ளப்பக்கக் கற்களை முழுவதும் பெயர்த்தெடுத்தோம். பாதையின் தளத்தையும் பள்ளப்பக்கம் சிறிது சரியும்படி மாற்றி, இருபது முப்பது அடிக்கு ஓரிடத்தில் கால் தடுக்காத அளவு அகன்ற சிறு தாழ்வு வைத்து, நீர் குறுக்கே கடந்து போகவிட்டோம். பெயர்த்த கற்கள் வீணாகவில்லை. அவற்றையே உட்காரும் திட்டுகளாக அடுக்கினோம். அதற்குப் பிறகு பெய்த மழைகளில் பாதை நின்றிருக்கிறது.

மற்ற பதின்மூன்று தடங்களை மூடுவது பெரும்பாடாக இருக்கும் என்று அஞ்சினேன். அவை புதுப்பாதையிலிருந்து பிரியும் இடத்தில் முதல் பத்தடிக்கு மட்டும், கண்மாயில் வெட்டிய சீமைக்கருவேல முள்ளைப் போட்டுச் சருகால் மூடினோம். கண்ணுக்குத் தெரியாத தடத்தில் யாரும் நடப்பதில்லை. உள்ளே மிச்சத்தைக் காடே பார்த்துக்கொண்டது.

செருப்புதான் அதைவிடப் பெரிய வழக்கு. காட்டுக்குள் செருப்புடன் நுழையக்கூடாது என்பது பழைய கட்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்களோ பாம்புக்கும் முள்ளுக்கும் அஞ்சிச் செருப்பைக் கழற்ற மறுத்தார்கள், நாள்தோறும் வாய்த்தகராறு. மூன்று கூட்டங்கள் இதற்காகவே நடந்தன. முதல் மண்குதிரை நிற்கும் இடம்வரை செருப்புடன் வரலாம், அதற்கு அப்பால் வெறுங்கால் என்று முடிவானது. அந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் கிராவலுக்குப் பதிலாகச் சலித்த மணலைப் பரப்பினோம். எல்லையில் செருப்பு விட ஒரு கற்பலகை இருக்கிறது. அறிவிப்புப் பலகை எதுவும் இல்லை. வரிசையாகக் கிடக்கும் செருப்பைப் பார்த்ததும் வருகிறவர்கள் தாமே கழற்றிவிடுகிறார்கள்.

கழிப்பறைக்கு முதலில் செப்டிக் டேங்க் என்றுதான் போட்டிருந்தார்கள். கழிவெடுக்கும் லாரி அந்த மண்சாலையில் வர முடியாது என்பதால் இரட்டைக்குழி முறைக்கு மாற்றினோம். குழியின் சுவரில் செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டுக் கட்டுவார்கள்; நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஒரு குழி நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றதற்குத் திருப்பினால், ஓராண்டுக்கு மேல் கிடந்தது மக்கி எருவாகிவிடும். ஊரணி நீர் கெடக்கூடாது என்று, இடத்தைக் காட்டுக்கு வெளியே, சாலையோரத் தாழ்வில் தேர்ந்தோம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அறைக்குச் சாய்தளம் கட்டிய கொத்தனார், ஒன்றரை அடி உயரத்துக்கு ஆறடி நீளமே வைத்திருந்தார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. பதினெட்டு அடி வந்திருக்க வேண்டும். “தள்ளிவிட ஆள் இருந்தா ஏறிடலாம் சார்” என்றார் அவர். சக்கர நாற்காலியில் வாழும் என் பழைய சக ஆசிரியர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் பாதி ஏறி, பின்னுக்குச் சரிந்து, கைப்பிடிச் சுவரில் முழங்கையைச் சிராய்த்துக்கொண்ட பிறகு கொத்தனார் ஒரு சொல்லும் பேசாமல் மறுநாளே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். அதற்குக் கூலியும் வாங்கவில்லை.

கட்டிய பின் யார் கழுவுவது என்ற கேள்வி வந்தது. கூட்டத்தில் ஒருவர், அந்தத் தெருவிலிருந்து யாரையாவது வரச் சொல்லலாமே என்று மிக இயல்பாகச் சொன்னார். எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருவைச் சேர்ந்த, குழு உறுப்பினரான பெண் எழுந்து, “பாதைக்கு மண் சுமந்தப்போ தெரு பாக்கலையே, இதுக்கு மட்டும் ஏன்?” என்று கேட்டார். அன்றைய கூட்டம் அதோடு கலைந்தது. இரண்டு வாரம் கழித்து, எல்லாத் தெருப் பெண்களும் உள்ள மகளிர் குழு, ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டணம் வாங்கிக்கொண்டு, முறைவைத்துப் பராமரிப்பதாக ஏற்றது. பெயர்ப்பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது. முதல் வாரத்தில் என் மனைவியின் பெயரும் இருந்தது. முறை தவறுகிறவர்கள் உண்டு, அதைப் பற்றிய சச்சரவும் உண்டு. இறுதித் தொகைக்கான பட்டியலை அனுப்பும் நேரத்தில், 2025 ஜனவரியில், ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பேற்றதால் கொத்தனாருக்குப் பணம் கிடைக்க மேலும் சில மாதமானது. அந்த மாதங்களில் அவரை நேருக்கு நேர் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

குப்பைத்தொட்டிகள் ஆறு வைத்தோம். குரங்குகளும் நாய்களும் கவிழ்த்துக் காடெங்கும் பரப்பியதால் ஐந்தை எடுத்துவிட்டு, வாசலில் மூடியுள்ள ஒன்றை மட்டும் விட்டோம். உள்ளே குப்பை குறைந்தது. மரப்பெயர்ப் பலகைகளை முதலில் தாவரவியல் பெயருடன் நான்தான் எழுதினேன். ஒருவரும் நின்று படிக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டதும் ‘காசா: ஊதாப் பூ பூக்கும்’, ‘பாலை: பழம் இனிக்கும், பால் ஒட்டும்’ என்று எழுதினார்கள். ஆணியடிக்காமல் தனிக்கம்பத்தில் அவை நிற்கின்றன.

கஜாவில் சாய்ந்த பெரிய உலக்கைப்பாலை ஒன்று இன்னும் பாதையோரம் கிடக்கிறது. அதை அறுக்காமல் பாதையை வளைத்தபோது, அது செத்த மரம் என்றே நான் நினைத்திருந்தேன். வேரில் பாதி மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது. சென்ற ஆண்டு அதன் அடியிலிருந்து கிளம்பிய மூன்று துளிர்கள் இப்போது என் தோளுயரத்துக்கு வந்து, நடக்கிறவர்களின் மேல் உரசுகின்றன. அவற்றை ஒடிக்கக்கூடாது என்று வேளார் சொல்லிவிட்டார். வருகிற மழைக்கு முன் அந்த இடத்தில் பாதையை இன்னும் இரண்டடி தள்ள வேண்டும். அதற்கான மனுவை எந்தப் புல எண்ணில் எழுதுவது என்று புலப்படத்தை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.