என் ஜாக்கெட் மட்டும் ஏன் மேல ஏறுது

தம்பி கல்யாணத்துல இணைச்சீருக்கு, அதான் மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவ நின்னு செய்யற சீருக்கு, நான்தான் நின்னேன். அரக்கு கலர் பட்டு, ஜாக்கெட் நானே தைச்சது, அதுவும் மொத நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு, சொந்தக்காரங்களோடது 31 ஜாக்கெட்டும் கொக்கி வெச்சு மடிச்சு கவர்ல போட்டு முடிச்சதுக்கப்புறம். மணவறைல அட்சதை போட கைய தூக்குனேன் பாருங்க, ஜாக்கெட் மொத்தமும் கூடவே கெளம்பி மேல வந்துருச்சு, கீழ்ப்பட்டி எங்கயோ நெஞ்சுகிட்ட நிக்குது, கடைசி கொக்கி பட்டுனு தெறிச்சது. முந்தானை இருந்ததால பொழச்சேன். பக்கத்துல நின்ன சித்தி மெதுவா, "ஏன் கண்ணு, ஊருக்கெல்லாம் தைக்கிறியே, உனக்கு மட்டும் வெளிய குடுத்து தைச்சுக்கலாமில்ல"ன்னாங்க. கிண்டலுக்கு சொல்லல, நெஜமாவே அக்கறையா சொன்னாங்க. அதான் ரொம்ப குத்துச்சு.

ஈரோட்டுல பவானி ரோட்ல வீரப்பன்சத்திரம் பக்கம் நம்ம கடை. கால் மெஷின் ஒண்ணு, மோட்டார் மெஷின் ஒண்ணு, ஒரு கட்டிங் டேபிள், எங்கிட்ட வேலை பழகுற ஒரு பொண்ணு, அவ்வளவுதான். 22 வருசமா இந்த வேலைதான். நாலு டாட், கிராஸ் கட், கட்டோரி, பிரின்சஸ் கட்னு எது கேட்டாலும் தைப்பேன், ஆல்ட்ரேஷனுக்கு திரும்பி வர்றது கம்மி. ஆனா எனக்குன்னு தைச்சது ஒண்ணுகூட ஒழுங்கா உக்காந்ததில்ல. கண்ணாடி முன்னாடி நேரா நின்னா பரவால்ல மாதிரி இருக்கும், ஒரு மணி நேரம் மெஷின்ல உக்காந்து எந்திரிச்சா முதுகுல ஏறி, முன்கழுத்து தொங்கி, ஒரு சோல்டர் எறங்கின்னு எல்லாம் கலைஞ்சிரும். நானும் இழுத்து விட்டுக்கிட்டே வேலைய பாப்பேன், தையல்காரி ஜாக்கெட் அப்படித்தான் இருக்கும்னு விட்டாச்சு.

காரணம்னு தேடுனா மொத குற்றவாளி அளவு ஜாக்கெட்தான். எங்ககிட்ட வர்றவங்க முக்கால்வாசிப் பேரு உடம்புல அளவு எடுக்க விடமாட்டாங்க, கூச்சம், இல்ல அவசரம். ஒரு பழைய ஜாக்கெட்ட டேபிள்ல போட்டு "இதே மாதிரிங்க அக்கா, கை மட்டும் துளி லூஸு, பின்கழுத்து ஒரு இஞ்ச் எறக்கம்"னு சொல்லிட்டு வண்டிய எடுத்துருவாங்க. அந்த ஜாக்கெட் எத்தன தடவ தொவைச்சதோ, எத்தன தடவ சைடு பிரிச்சு விட்டதோ தெரியாது. அத விரிச்சு அளந்தா கெடைக்கிறது அந்தத் துணியோட அளவுதான், அந்தம்மா அளவு இல்ல. அதுல எங்க சுருக்கம் விழுதோ அதே எடத்துல புதுசுலயும் அச்சு பிசகாம சுருக்கம் விழும். இத்தனையும் தெரிஞ்ச நான் எனக்கு என்ன பண்ணேன்? பையன் ஸ்கூல் சேர்ந்த வருசம் தைச்ச ஒரு பச்சை டூ பை டூ ஜாக்கெட்ட வெச்சே 10 வருசத்துக்கு மேல வெட்டிக்கிட்டு இருந்தேன். கை புடிக்குதுன்னா கைக்குழிய இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுறது, அடுத்ததுல இன்னும் கொஞ்சம், அப்படியே போயிட்டு இருந்துச்சு.

அந்தக் கைக்குழி விஷயத்த கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா வீட்ல தைக்கிறவங்க எல்லாரும் விழுற குழி அது, நானும் தெரிஞ்சே விழுந்தேன். கைய தூக்குனா கக்கத்துல புடிக்குது, உடனே நமக்கு தோணுறது குழி பத்தலன்னு. கத்திரிய எடுத்து அர இஞ்ச் எறக்கி வெட்டிருவோம். அப்போதைக்கு கைய தொங்கப் போட்டா சுகமா இருக்கும். ஆனா கையும் ஒடம்பும் சேர்ற தையல் இப்ப கக்கத்துல இருந்து இன்னும் கீழ போயிருச்சில்ல, கைய தூக்குறப்ப அந்தத் தையலும் மேல வந்தாகணும், அது தனியா வராது, சைடு தையலயும் பட்டியயும் சேர்த்து இழுத்துக்கிட்டுத்தான் வரும். மணவறைல எனக்கு நடந்தது அதேதான். குழி கக்கத்த ஒட்டி மேலயே இருந்தா கை தனியா ஆடும், ஒடம்பு துணி எடத்த விட்டு அசையாது. அப்ப கை புடிச்சது எதனாலன்னா, கைத்துணியோட அகலம் பத்தாததுனால, இல்ல முன்பக்கக் குழிய பின்பக்கத்த விட அர இஞ்ச் உள்ள வளைச்சு வெட்டாததுனால. ரெண்டையும் விட்டுட்டு நான் கீழ கீழ வெட்டிக்கிட்டே போயிருக்கேன்.

வெட்டுனத மறுபடி ஒட்ட முடியுமா? அந்த அரக்கு ஜாக்கெட்டுக்கு கக்கத்துல சதுரமா ஒரு சின்ன துண்டு வெச்சு சரி பண்ணேன். பழைய ஜிப்பால கக்கத்துல பாத்திருப்பீங்க, அதே வேலை. புடவையில வர்ற பிட்டு 80 சென்டிமீட்டர்தான், வெட்டுனா மிச்சம் பெருசா இருக்காது, நல்லவேளை கை பார்டர் வெட்டுனதுல ஒரு துணுக்கு கெடந்துச்சு.

எனக்கு வேலை கத்துக்குடுத்த அக்கா அளவு எடுக்குறப்ப ஒரு பழக்கம் வெச்சிருந்தாங்க. நிக்க வெச்சு டேப் புடிச்சு எல்லாம் எழுதுன பின்னாடி, "இங்க உக்காரு சாமி"ன்னு பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெப்பாங்க, அப்புறம் "பரண்ல இருந்து டப்பா எடுக்குற மாதிரி கைய தூக்கு"ம்பாங்க. அவங்க டேப்ப பாக்கமாட்டாங்க, அந்தப் பொம்பள போட்டிருக்கற ஜாக்கெட் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாப்பாங்க. சுருக்கம் ஒரு எடத்துல தெரியும், இழுக்குறது வேற எடத்துல இருக்கும்னு அவங்ககிட்டதான் பாத்தேன். கொக்கிக்கு நடுவுல வாய பொளக்குதுன்னு வருவாங்க, நாம கொக்கிய நெருக்கி வெச்சுக் குடுப்போம், அக்கா டாட் பாயிண்ட்ட பாப்பாங்க, மார்புக்கு வடிவம் வர புடிச்சுத் தைக்கிற மடிப்போட முனை, அது முக்கா இஞ்ச் மேல நிக்கும். டாட்ட பிரிச்சு எறக்குனா கொக்கி தானா மூடிக்கும். ஒண்ணு ரெண்டு தடவ இல்ல, எத்தனயோ ஜாக்கெட்டுல கூட நின்னு பாத்தது.

சரி, எனக்கே ஒழுங்கா அளவு எடுத்துறலாம்னு ஒரு ஞாயித்துக்கெழம கடைய சாத்திட்டு உக்காந்தேன். நம்ம உடம்ப நாமளே அளக்குறது நடக்காத காரியம்ங்க. மார்புச் சுற்றளவுக்கு டேப்ப பின்னால கொண்டு போக ரெண்டு கையயும் தூக்கணும், தூக்குனா நெஞ்சுக்கூடு மாறுது. எண்ணப் பாக்க குனிஞ்சா டேப் முதுகுல எறங்கிருது. மூணு தடவ எடுத்தேன், 37, 38, 36 முக்கால். திங்கக்கெழம அந்தப் பொண்ண கூப்பிட்டு "எடு"ன்னேன். ரொம்ப நேரம் தயங்குனா, அக்காவ எப்படி தொட்டு அளக்குறதுன்னு. அப்புறம் எடுத்தா, 38 அர. அதுகூட பெருசில்ல. பின்கழுத்து எலும்புல இருந்து இடுப்பு வரைக்கும் அளந்துட்டு "அக்கா, உங்களுக்கு முதுகு ஜாஸ்தியா இருக்குதுங்க"ன்னா. எங்க கணக்குல பின்பக்க உயரத்த விட முன்பக்கம் கொஞ்சம் கூடத்தான் விடுவோம், மார்பு ஏறி எறங்கணுமில்ல. எனக்கு அது கிட்டத்தட்ட சமமா வந்து நிக்குது.

22 வருசம் குனிஞ்சே உக்காந்திருக்கேன், முதுகு வளையாம என்ன பண்ணும். சோல்டர் ரெண்டும் முன்னாடி வந்து, தோள்பட்டைக்கு மேல லேசா கூன் விழுந்திருக்கு, எனக்கு அது தெரியவே இல்ல, கண்ணாடிய பாத்தா நாம நிமிந்துக்குறோமே. முதுகு உருண்டா பின்துணி அந்த உருட்ட தாண்டிப் போகணும், துணி பத்தாது, கீழ இருந்து மேல ஏறும். முன்னாடி நெஞ்சு உள்ள போனதுனால துணி மிச்சமாகி கழுத்து தொங்கும். நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்? தொங்குற கழுத்த பாத்து ஒவ்வொரு தடவயும் சோல்டர்ல கால் இஞ்ச் புடிச்சுப் புடிச்சு தைச்சிருக்கேன். முன்னாடியும் பின்னாடியும் சேர்ந்தில்ல சுருங்கும் அது, ஏற்கனவே பத்தாத முதுகுத் துணிய நானே இன்னும் கொறைச்சிருக்கேன். ஜாக்கெட் பாவம், என்ன பண்ணும்.

இன்னொண்ணு சோல்டர். துணிய ரெண்டா மடிச்சு ஒரே வெட்டா வெட்டுறதுதான் எல்லாரோட பழக்கமும், வலதும் எடதும் அச்சு ஒண்ணா வரும். ஆனா உடம்பு மடிச்சு வெட்டுனதில்லயே. இத எனக்கு புரிய வெச்சது ஒரு கஸ்டமர், மார்புல ஆபரேஷன் ஆகி ஆறு மாசம் கழிச்சு வந்தாங்க. கடைல ஆள் இல்லாத நேரமா பாத்து, மத்தியானம் ரெண்டு மணிக்கு. ஒரு பக்கம் மட்டும் துணி தொளதொளன்னு நிக்குது, ரெண்டு கடைல குடுத்தாச்சு, பேடு வெச்சுக் குடுத்தாங்க, அது குத்துதுன்னாங்க. ரெண்டு முன்பாகத்தயும் தனித்தனியா வரைஞ்சேன், ஒரு பக்கம் டாட் இருக்கும், இன்னொரு பக்கம் டாட்டே கெடையாது, சைடுல அகலத்த கொறைச்சு, உள்ள மெத்துன்னு மல்லுத்துணி ரெண்டு மடிப்பு. போட்டுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, அப்படியே புடவைய கட்டிக்கிட்டு போனாங்க, அடுத்த வாரம் ஏழு பிட்டோட வந்தாங்க. அவங்களுக்கு தனித்தனியா வரைஞ்ச அதே கை, எனக்குன்னு வர்றப்ப துணிய மடிச்சுத்தான் போட்டுச்சு. எனக்கு வலது சோல்டர் கால் இஞ்ச் எறக்கம்னு அந்தப் பொண்ணு சொன்ன பின்னாடிதான், கழுத்துல இருந்து வலது கக்கம் வரைக்கும் சாய்ச்சலா ஒரு கோடு எப்பவும் விழுமே, அது ஏன்னு தெரிஞ்சது. அயர்ன் சரியில்லன்னு நெனச்சிட்டு இருந்தேன் இத்தன நாளும்.

இந்த வாட்டி நல்ல துணில கத்திரி வெக்கல. வீட்டுக்காரரோட பழைய வேட்டிய கிழிச்சு அதுல ட்ரையல். பின்பாகத்துல தோள்பட்டை உயரத்துக்கு குறுக்க வெட்டி முக்கா இஞ்ச் விரிச்சு துண்டு சேர்த்தேன், முன்பாகத்துல நெஞ்சுக்கு மேல அர இஞ்ச் மடிச்சுப் புடிச்சேன், சோல்டர் தையல முன்னாடி தள்ளுனேன், வலது சோல்டர் சரிவு கால் இஞ்ச் கூட, அதுக்கு ஏத்த மாதிரி அந்தப் பக்கக் குழியும் கால் இஞ்ச் கீழ, இல்லன்னா அந்தக் கை மட்டும் புடிக்கும். கைக்குழிய பழைய அளவுக்கு முக்கா இஞ்ச் மேல ஏத்திட்டு கைத்துணிய அகலப்படுத்தினேன். எல்லாம் கச்சாத் தையல். போட்டுக்கிட்டு மெஷின்ல உக்காந்து ஒரு பாவாடைக்கு நாடாப்பட்டி முழுசா அடிச்சேன். எந்திரிச்சப்ப இழுத்து விடக் கை தானா பின்னாடி போச்சு, அங்க இழுக்க ஒண்ணும் இல்ல.

நடுவுல ஒரு கூத்தும் நடந்துச்சு. வேட்டி ஏற்கனவே நூறு தடவ தொவைச்சது, சுருங்கி முடிஞ்சது. அந்த சந்தோசத்துல கனி மார்க்கெட்டுல வாங்குன புது லைனிங் துணிய நனைக்காம அப்படியே வெட்டிட்டேன். எங்கிட்ட வேலை பழக வர்றவங்களுக்கு மொத நாள் சொல்றதே லைனிங்க ராத்திரி தண்ணில போட்டு நெழல்ல காயவைன்னுதான். மொதத் தொவைப்புல லைனிங் சுருங்கி மேல்துணி பூரி மாதிரி உப்பிருச்சு. பொண்ணு பாத்துச்சு, வாயத் தொறக்கல, அது ரொம்ப மரியாதை.

நிஃப்ட்ல, அதான் ஃபேஷன் படிப்பு சொல்லிக்குடுக்குற சென்ட்ரல் கவர்மெண்ட் காலேஜ்ல, இந்திய அளவுக்குன்னு சைஸ் சார்ட் போட 6 ஊர்ல 25,000 பேர ஸ்கேன் மெஷின்ல நிக்க வெச்சு அளக்குற திட்டம் போட்டாங்க, இந்தியாசைஸ்னு பேரு. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், பெங்களூரு, ஷில்லாங். சென்னை இல்ல, ஈரோட்ட யாரு கேக்கப் போறா. ரெடிமேட் துணிக்கு அது நல்லதுதான், வேணாங்கல. ஆனா எங்க கடைக்கு வர்றவங்க பாதிப்பேரு ரெடிமேட் எதுவும் உக்காராமத்தான் வர்றாங்க, ஒரே 38 நம்பர்ல நாலு பேரு நாலு விதமா நிப்பாங்க. ஒருத்தங்களுக்கு முதுகு அகலம், ஒருத்தங்களுக்கு எல்லாம் முன்னாடி, டேப்புல எண்ணு ஒண்ணுதான்.

இப்ப அந்த வேட்டி ட்ரையல பிரிச்சு பிரவுன் பேப்பர்ல வரைஞ்சு ஆணில மாட்டியாச்சு, முன்பாகம் ரெண்டு, பின்பாகம் ஒண்ணு, அதுல வலது எதுன்னு அம்புக்குறி. பீரோல கெடக்குற பழைய ஜாக்கெட் 14ல ஆறுக்கு கக்கத்துல துண்டு வெச்சாச்சு, மத்தது முதுகு பத்தாது, ஒண்ணும் பண்ண முடியாது, சின்னவளுக்கு ஆகுமான்னு பாக்கணும். புது அளவுல நீலக் கலர் காட்டன் ஒண்ணு தைச்சுப் போட்டுக்கிட்டு போன வாரம் கடைக்கு வந்தேன். பொண்ணு சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "இப்ப ஜாக்கெட் நேராத்தான் இருக்குதுங்க அக்கா, நீங்கதான் வலது பக்கம் சாயறீங்க"ன்னு சொல்லிட்டு பாபின்ல நூல் சுத்தப் போயிருச்சு.