ஹாம்பர்க்கில் மூக்கைப் பற்றி ஒரு பேச்சு

2024 செப்டம்பரில் எஸ்.எம்.எம். கண்காட்சிக்காக ஹாம்பர்க் போயிருந்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இன்ஜின் செய்பவர் முதல் பெயின்ட் விற்பவர் வரை கப்பல் தொழிலில் இருக்கிற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடை விரிக்கிற திருவிழா அது. கூடவே கருத்தரங்குகளும் உண்டு. கப்பலில் இன்ஜினியராக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இந்தத் துறைமுகத்துக்கு நான்கு முறை வந்திருக்கிறேன். ஊருக்குள் கால் வைத்தது இப்போதுதான். கன்டெய்னர் கப்பல் எங்கே ஊர் பார்க்க விடுகிறது?

புது ஷூ போட்டுக்கொண்டு போனது என் தப்பு. மதியத்துக்குள் குதிகால் கொப்பளித்துவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும், கப்பல் எண்ணெய்க்குப் பதிலாக எரிக்க மெத்தனால், அம்மோனியா என்ற பேச்சுதான். 2050 வாக்கில் கப்பல்களின் பசுங்குடில் வாயுவை நிகர பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023-இல் இலக்கு வைத்துவிட்டதே! மெத்தனாலை சாதாரண டாங்கிலேயே வைக்கலாம். ஆனால் அதே தூரம் ஓட டாங்க் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெரிதாக வேண்டும், பகலில் அதன் தீயும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அம்மோனியாவில் கார்பனே இல்லை. மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகிவிடும். கசிந்தால் ஆளைக் கொல்லும்.

ஒரு அரங்கில் அம்மோனியா இன்ஜினைப் படம் போட்டு விளக்கினார்கள். நான் கை தூக்கினேன். "ராத்திரி இரண்டு மணி, கப்பல் உருளுகிறது, சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றியாக வேண்டும். ஃபோர்த் இன்ஜினியர் எதை நம்பி ஸ்பானரைப் போடுவான்?" நைட்ரஜன் செலுத்திக் குழாயைக் காலி செய்து, சென்சார் பூஜ்யம் காட்டிய பிறகுதான் திறக்கலாம் என்றார் பேச்சாளர். சரியான பதில்தான். ஆனால் கப்பலின் அடியில் கசிவுநீர் தேங்கும் பில்ஜ் காய்ந்து கிடக்கும்போதே நிரம்பிவிட்டதாக நடுராத்திரியில் அலாரம் அடித்து எழுப்பிய சென்சார்களோடு குடும்பம் நடத்தியவன் நான்.

மறுநாள் கருத்தரங்குக்கு மட்டம் போட்டுவிட்டு, லாண்டுங்ஸ்ப்ரூக்கன் பக்கம் எல்பா நதியில் நிற்கும் 'கப் சான் தியேகோ'வுக்குப் போனேன். 1961-இல் இதே ஊரில் கட்டிய சரக்குக் கப்பல், இப்போது அருங்காட்சியகம். இன்னமும் ஓடுகிற நிலையில் வைத்திருக்கிறார்கள். ஏணியில் இறங்க இறங்க, வெந்த எண்ணெயும் பழைய பெயின்டும் கலந்த அந்த வாசனை. கீழே ஒன்பது சிலிண்டர் 'மான்' (MAN) கம்பெனி இன்ஜின் வரிசையாகத் தலை காட்டிக்கொண்டு நின்றது. எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

அங்கே தன்னார்வலராக இருந்த ஒரு பெரியவர் என் நடையைப் பார்த்தே இன்ஜினியர் என்று கண்டுபிடித்துவிட்டார். புறங்கையை ஒரு குழாயில் வைத்துக் காட்டினார். சூடு பார்க்க நாங்களும் அப்படித்தான் வைப்போம். முந்தின நாள் கேள்வியை அவரிடமும் கேட்டேன். மீன்பிடிக் கப்பலில் குளிர்பதனத்துக்கு அம்மோனியா ஓட்டியவராம். சிரித்தார்.

"சென்சாருக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். சொன்னதும் ஓட வேண்டியதுதான்."

"எந்தப் பக்கம்?"

"டெக்கில் என்றால் காற்று வரும் பக்கம்."

"இங்கே?"

அவர் பதில் சொல்லவில்லை. நான் இறங்கி வந்த இரும்பு ஏணியை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்று அடுக்கு உயரம் இருக்கும்.