பழைய ஓட்டு வீட்டுக்குப் புதுக் கதவு, ஜன்னல்

மண் சுவரில் நிற்கும் பழைய நிலை, அதாவது கதவைத் தாங்கும் வெளிச்சட்டம், நேராக இருக்காது. அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து, சிறிய அளவை எடுங்க. மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தால் கோணல் தெரிந்துவிடும். கதவைச் சுற்றி 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்க.

நம்ம பக்கம் ஆடிக்காற்றில் மரம் காய்ந்து சுருங்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். அதனால் கதவுச் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பலகையைப் பசை போட்டு ஒட்டவே கூடாது. பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் விட்டுச் சும்மா செருகணும். ஒட்டினால் பலகை நடுவில் கீறிவிடும். பசை கழுந்துக்கு மட்டும், அதாவது சட்டங்களை இணைக்கத் துளையில் செருகும் முனைக்கு.

வேப்ப மர நிலை கெட்டியாக இருந்தால் பிடுங்காதீங்க. கரையான் அரித்த அடிப்பகுதியை மட்டும் வெட்டி ஒட்டு போடலாம். இடித்த வீட்டுத் தேக்கு வாங்கினால், இழைக்கும் முன் காந்தம் வைத்து ஆணி தேடுங்க. கதவின் அடிவிளிம்புக்கும் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் பூச்சு) அவசியம். தண்ணீர் ஏறுவது அங்கேதான்.